செவ்வாய்க்கிழமைக்காரி

செவ்வாய்க்கிழமை விடிந்தால் திவாகரன் முகம் மழிப்பான். மற்ற ஆறு நாளும் தாடியைப் பற்றி அவனுக்கு ஒரு அக்கறையும் கிடையாது. அன்றைக்கு மட்டும் தோணியைக் கெதியாகக் கரையில் இழுத்துப் போட்டு, வலையை உதறிக் காயவிட்டு, பட்ட நண்டையும் இறாலையும் பெண்சாதி யசோதினியின் கையில் கொடுத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போவான். குளித்து, கல்யாண வீட்டுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஏழு மணி பஸ்ஸுக்குச் சந்தியில் போய் நிற்பான்.

களுதாவளைச் சந்தியில் அந்த நேரம் வெற்றிலைக் கூடையோடு நிற்கிற சனத்துக்கெல்லாம் அவன் போகிற இடம் தெரியும். மண்முனைத் துறையில் இறங்குகிறான். படகுப் பாதையில், ஆளையும் வண்டியையும் சேர்த்து ஏற்றுகிற மிதவையில், ஏறி ஆற்றைக் கடக்கிறான். வாவியை எங்கள் பக்கம் ஆறு என்றுதான் சொல்வது. அக்கரையில், படுவான்கரையில், அவனுக்கு ஒருத்தி இருக்கிறாள். அவளை யாரும் கண்டதில்லை. ஆனாலும் அவளுடைய நிறம், உயரம், புருசன் செத்த விதம் எல்லாம் ஊருக்குத் தெரிந்திருந்தது.

யசோதினிக்குப் பொறாமை வந்தது. சாதாரணப் பொறாமை இல்லை. சோற்றைப் பிசைந்தால் கைக்குள் நின்றது, நண்டின் காலை முறித்தால் அந்த முறிப்பில் நின்றது. திங்கட்கிழமைகளில் இறாலுக்குத் தேங்காய்ப்பால் கூட விட்டு, முருங்கை இலை போட்டு, அவள் வாழ்க்கையிலேயே சமைக்காத ருசியில் சமைத்தாள். அக்கரைக்காரியின் கறி அவன் நாக்கில் ஒட்டக்கூடாது என்பதுதான் எண்ணம். அவன் தின்றான், நல்லாயிருக்கு என்றும் சொன்னான், அடுத்த நாள் மழித்துக்கொண்டு போனான்.

சட்டையை மணந்து பார்த்தாள். வியர்வையும் பஸ் புழுதியும்தான் மணந்தன. ஆனால் திரும்பி வரும்போது அவன் கண் சிவந்திருந்தது. அதைவிடப் பெரிய சாட்சி ஒன்று இருந்தது. ஐந்து வருடமாக ஒழுங்காக நித்திரை கொள்ளாத மனிதன் செவ்வாய் இரவுகளில் மட்டும் குறட்டை விட்டுத் தூங்கினான். தன் பாயில் தனக்குக் கிடைக்காத நிம்மதியை எவளோ ஒருத்தி அரை நாளில் கொடுத்து அனுப்புகிறாள் என்பதை எந்தப் பெண்சாதியால் தாங்க முடியும்?

அந்த ஐந்து வருடக் கதையையும் சொல்லத்தான் வேண்டும். கடல் பொங்கி ஊருக்குள் வந்த வருடம் அவர்களுக்குச் சனுஜா என்று ஆறு வயதில் ஒரு மகள் இருந்தாள். அப்போது திவாகரன் கடலில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தான். அன்று காலை மகளும் கடற்கரையில் நின்றாள். அவனைத் தென்னை மரம் ஒன்று தடுத்தது. அவளை மூன்றாம் நாள் எடுத்தார்கள். அடக்கம் செய்யும்போது அவனும் அழவில்லை, இவளும் அழவில்லை. அதற்குப் பிறகு அவன் கடலுக்குப் போகவில்லை. ஆற்றில் ஒரு சின்னத் தோணியோடு வீச்சுவலைக்காரனாக ஆகிவிட்டான். மகளுடைய பெயரை அந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. சண்டை வந்தது, இடம்பெயர்ந்தார்கள், சண்டை முடிந்து ஒரு வருடமும் ஆகிவிட்டது. பெயர் மட்டும் வரவேயில்லை.

ஆனி மாதக் கச்சான் காற்று அனலாக அடித்துக்கொண்டிருந்த ஒரு நாள், வேலியோரப் பூவரசு நிழலில் யசோதினி இறால் உடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வளவு இலட்சுமிப்பிள்ளை உதவிக்கு வந்து குந்தினாள். தாய்மாமன் மகள், பத்து வயது மூப்பு, மச்சாள் முறை. அவளுடைய ஒரே மகன் லக்ஷன் மூன்று வருடத்துக்கு முன் வன்னிக்குப் போனவன். சண்டை முடிந்த பிறகும் ஒரு சேதியும் இல்லை. வெள்ளிக்கு வெள்ளி அவனுடைய சைக்கிளுக்குக் காற்றடித்து வைப்பாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கமாட்டாள். மற்ற வீட்டுச் சங்கதி என்றால் வாய் ஓயாது.

“புள்ள, ஒண்டு சொல்றன், கோவிக்காத. உன்ர மனிசனுக்கு அவள் மருந்து குடுத்திரிக்காள்.”

“என்ன மருந்து மச்சாள்?”

“என்ன மருந்தோ? வசிய மருந்துதான். சோத்துக்குள்ள வைச்சுக் குடுத்திரிப்பாள். இல்லாட்டி இந்தக் கச்சானுக்குள்ள ஒரு மனிசன் வெள்ளைச் சட்ட போட்டுக்கிட்டு ஆறு கடந்து போவானா?”

“அவர் ஆரோடயும் சிரிச்சும் கதைக்கிறல்லயே.”

“அதான்கா மருந்து! சிரிக்கிறவன நம்பலாம். உம்மெண்டு இரிக்கிறவனுக்குத்தான் உள்ளுக்குள்ள வேல செய்யிற. வெள்ளிக்கிழமை இளையதம்பிப் பூசாரிக்கிட்டக் கூட்டிப் போ. வயித்தால எடுத்துப் போடுவாரு.”

“அவர் வரமாட்டாரே மச்சாள்.”

“வயித்து நோவுக்கு எண்டு சொல்லு.”

யசோதினி அப்படியெல்லாம் சுற்றி வளைக்கவில்லை. பொறாமைக்காரி பொய் சொல்வதற்குக் கூடப் பொறுமை இல்லாதவள். நேராகவே சொன்னாள்.

“உங்களுக்கு அக்கரையில ஒருத்தி மருந்து வைச்சிரிக்காள். பூசாரிக்கிட்டப் போய் எடுக்கணும். வாறீங்களா இல்லியா?”

திவாகரன் வலையின் ஈயக் குண்டு ஒன்றைப் பல்லால் கடித்து இறுக்கிக்கொண்டிருந்தான். அவன் கோபப்படுவான், பானையைத் தூக்கி எறிவான், அப்படி எறிந்தால் தான் நினைத்தது பிழை என்று நம்பலாம் என்று அவள் காத்து நின்றாள்.

“வாறன்,” என்றான்.

வெள்ளி காலை பூசாரி ஒரு சிரட்டை நிறையப் பச்சிலைச் சாறு கொடுத்தார். திவாகரன் என்ன ஏது என்று கேட்காமல் மடமடவென்று குடித்தான். தென்னையடியில் குந்தி மூன்று தரம் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தான். பூசாரி ஈர்க்கினால் கிளறிக் கறுப்பாக ஒரு துண்டைத் தூக்கிக் காட்டினார்.

“இந்தா இரிக்கி. நாலு மாசத்து மருந்து.”

கூட வந்த இலட்சுமிப்பிள்ளை நெஞ்சில் கை வைத்தாள். யசோதினி உற்றுப் பார்த்தாள். முந்தின இரவு அவள் பொரித்த கத்தரிக்காயின் தோல் மாதிரித்தான் இருந்தது. ஆனால் மருந்து என்று நம்புவதுதான் அவளுக்கு லேசாக இருந்தது. மருந்து என்றால் அவன் மேல் பிழை இல்லை, பிழை முழுக்க அந்த அக்கரைக்காரி மேல்.

திவாகரன் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். “இனிச் சரியா?” என்று மட்டும் கேட்டான்.

அடுத்த செவ்வாய் அவன் முகம் மழித்தான்.

அன்றைக்கு அவள் அழவும் இல்லை, கத்தவும் இல்லை. நண்டுச் சட்டியை அப்படியே மூடி வைத்துவிட்டு, இருக்கிற சீலையில் நல்லதை உடுத்தி, அடுத்த பஸ்ஸில் ஏறினாள். கையில் ஒரு பை. பைக்குள் பழைய செருப்பு ஒரு சோடி. கண்ட இடத்தில் அடிப்பது என்று தீர்மானம்.

துறையில் படகுப் பாதை அக்கரைக்குப் போய் வரும்வரை நிற்க வேண்டியிருந்தது. மோட்டார் சைக்கிள்கள், பால்கேன்கள், ஒரு மாடு, சாக்கு மூட்டைகள், அவள். கச்சானில் ஆறு சுருக்கம் விழுந்து கிடந்தது. அக்கரையில் இறங்கியதும் வயல்வெளியின் சூடு முகத்தில் அடித்தது. ஓட்டோ ஒன்று நின்றது. அதில் ஏறினாள். எங்கே போவது என்று சொல்ல அவளுக்குத் தெரியவில்லை.

“தம்பி, வெள்ளைச் சட்ட போட்ட மனிசன் ஒராள் இதால போனவரா? களுதாவளை ஆள்.”

ஓட்டோக்காரன் திரும்பி அவளை ஒரு தரம் பார்த்தான். “செவ்வாய்க்கிழமைதானே? அப்ப அங்கதான் போயிரிப்பாரு. கொக்கட்டிச்சோலைக்கு. நானே எத்தினபேர ஏத்திப் போறன்.”

“எத்தின பேரா?”

“ஓம் அக்கா. தூர தூர இருந்தெல்லாம் வாறாங்க. அந்த மனிசி நல்ல மனிசியாம். அவக்கிட்டப் போனா மனப்பாரம் குறையுதாம்.”

யசோதினிக்குத் தலை சுற்றியது. தன் புருசனை மயக்கினவள் ஊரையே மயக்கி வைத்திருக்கிறாளா? இவ்வளவு பகிரங்கமாக, ஓட்டோவுக்குக் கூடத் தெரிய! பைக்குள் கையை விட்டுச் செருப்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ஓட்டோ ஒரு பொது மண்டபத்தின் முன்னால் நின்றது. வாங்குகளில் ஒரு முப்பது பேர் இருந்தார்கள். கைக்குழந்தையோடு ஒரு பெண், வேட்டி கட்டின கிழவர் ஒருவர், பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி ஒருவர். யாரும் யாரையும் பார்க்கவில்லை. சுவரில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது. மனநல கிளினிக், செவ்வாய் மட்டும், ஒன்பது தொடக்கம் ஒன்று வரை. அதை அவள் இரண்டு தரம் எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

வாசலில் நின்ற மிஸ் ஒருத்தி ஒரு மட்டையை நீட்டினாள். “இருபத்திமூண்டு. கூப்பிடக்குள்ள வாங்க.” யசோதினி வேண்டாம் என்று சொல்ல மறந்து வாங்கிக்கொண்டாள்.

மண்டபத்தின் பின்பக்கம் ஒரு சின்ன அறை. அதன் யன்னல் பாதி திறந்திருந்தது. தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். அவள் நினைத்து நினைத்து வெந்த அந்தப் பெண் உள்ளே இருந்தாள். ஐம்பது வயது இருக்கும். காத்தான்குடிப் பக்கத்து முஸ்லிம் மனிசி. முக்காட்டுக்கு மேலால் மூக்குக்கண்ணாடி, கண்ணாடியின் ஒரு கால் நூலால் கட்டியிருந்தது. குதிக்கால் வெடித்திருந்தது. இவளையா? யசோதினிக்கு ஒரு கணம் சிரிப்பு வந்தது.

பிறகு அவள் புருசனைப் பார்த்தாள். திவாகரன் கதிரையில் குனிந்து இருந்து அழுதுகொண்டிருந்தான். வாயைத் திறந்து, தோள் குலுங்க, மூக்கு வடிய, சின்னப் பிள்ளை அழுவது மாதிரி அழுதான். அந்த மனிசி அவனைத் தொடவில்லை, தேற்றவில்லை, மடியில் கை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

யசோதினியின் வயிறு எரிந்தது. கட்டிலில் கண்டிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. மகளை மண்ணுக்குள் வைத்த அன்று அவளுக்கு முன்னால் அழாத கண்ணீர் அது. ஐந்து வருடம் ஒரே பாயில் கிடந்தும் அவளுக்குக் காட்டாத கண்ணீர். அதைக் கொண்டுபோய் முன்பின் தெரியாத ஒருத்திக்கு முன்னால் கொட்டுகிறான். அவளுக்கு உரியதை எடுத்து இன்னொருத்திக்குக் கொடுத்திருக்கிறான். அதற்குப் பேர் களவு இல்லாமல் வேறென்ன?

அவன் மற்றக் கதவால் மருந்துக் குளிசை எடுக்கிற வரிசைக்குப் போனான். அவள் அசையாமல் அந்தத் தூணோடேயே நின்றாள். மற்ற ஆட்களெல்லாம் போய் வந்து கொண்டிருந்தார்கள். கடைசியில் இருபத்திமூன்றைக் கூப்பிட்டார்கள்.

“இரிங்க மகள். நான் ஸாலிஹா.”

“நான் இரிக்க வரல்ல. களுதாவளைத் திவாகரன்ர பொண்டாட்டி நான். அவர் உங்களுக்கிட்ட என்ன சொன்னாரு?”

“அத நான் சொல்ல ஏலா மகள்.”

“ஏன் ஏலா? தாலி கட்டினது எனக்குத்தானே? உங்களுக்கில்லையே?”

“ஓம். உங்களுக்குத்தான். ஆனா இஞ்ச சொன்னது இஞ்சதான். நாளைக்கி அவர் வந்து ‘என்ர பொண்டாட்டி என்ன சொன்னவள்?’ எண்டு கேட்டாலும் இதான் பதில்.”

“நான் ஒண்டும் சொல்ல வரல்ல. எனக்கு ஒண்டுமில்ல. நான் தலை பிழையான ஆளில்ல.”

“சரி.”

“நான் புருசன்ர களவு பிடிக்க வந்த. அவ்வளவுதான்.”

“பிடிச்சாச்சா?”

யசோதினி கதிரையின் விளிம்பில் இருந்தாள். பை மடியில். மின்விசிறி கரகரவென்று சுற்றியது. இப்படி ஒன்றும் பேசாமல் ஒருத்தி தன்னைப் பார்த்துக்கொண்டு இருப்பது அவளுக்குப் பழக்கமில்லை.

“என்னப் பத்தி என்ன சொன்னாரு? அத மட்டும் சொல்லுங்க. நான்தான் அனுப்பின எண்டு சொன்னாரா?”

ஸாலிஹா நூல் கட்டின மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள்.

“அவருக்குத் தெரியா. தெரிஞ்சிரிக்காது. புள்ள தானா ஓடி வந்தவள் எண்டுதான் அவர் நினைக்காரு.” யசோதினியின் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ மாதிரிக் கேட்டது. “அண்டைக்கு ஞாயித்துக்கிழமை. மாரியெண்டாலும் கடல் தணிஞ்சு கிடந்த. வலை வளைக்கப் போனவரு. நான் புட்டு அவிச்சன். அவள் மாவுக்குள்ள கையப் போட்டு ஒரே ஆக்கினை. தாங்க ஏலாம ஒரு டப்பாக்குள்ள புட்டப் போட்டுக் கையில குடுத்து, அப்பாட்டக் கொண்டு போ எண்டன். வழியில நிண்டு விளையாடாத, நேர கடலுக்குப் போ எண்டும் சொன்னன். நேர போ எண்டு நான் சொன்ன மிஸ். எல்லுப்போல கொஞ்ச நேரம் வழியில நிண்டு விளையாடியிருந்தாளெண்டா இண்டைக்கு அவளுக்குப் பதினொரு வயசு.”

ஸாலிஹா தண்ணீர்ப் போத்தலை அவள் பக்கம் தள்ளினாள்.

“புட்டுக்கு என்ன கறி மகள்?”

அந்தக் காலையைப் பற்றி இந்த ஐந்து வருடத்தில் யாரும் அவளிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. நிவாரணக்காரர்கள் எத்தனை பேர் செத்தது என்று கேட்டார்கள். ஊர்ச்சனம் அதையும் கேட்கவில்லை.

“மாசிச் சம்பல்,” என்றாள். “உறைப்பில்லாம அவளுக்கு வேறயா அரைச்ச.” அதோடு அழுகை வந்துவிட்டது. முந்தானை போதவில்லை. பைக்குள் துணி தேடினாள், கையில் செருப்புத்தான் அகப்பட்டது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டே அழுதாள்.

நெடுநேரம் கழித்து முகத்தைத் துடைத்தாள்.

“இது மருந்தெடுக்கிற வருத்தமில்ல மிஸ். நான் இனி வரமாட்டன்.”

“நல்லம். வாற கிழமையும் களவு பிடிக்க வாங்க.”

துறைக்கு அவள் வந்து சேர்ந்தபோது, குளிசை வரிசையில் நேரம் போய்விட்ட திவாகரன் படகுப் பாதைக்குக் காத்துக்கொண்டு நின்றான். கையில் கச்சான்கொட்டைச் சுருள், வறுத்த நிலக்கடலை. அவளைக் கண்டதும் கொட்டை சிந்தியது. பிறகு அவள் கையில் இருந்த நம்பர் மட்டையைக் கண்டான்.

“ஆரும் கண்டாங்களா?” அதுதான் அவனுடைய முதல் கேள்வி.

“கண்டா என்ன? குடல் வெளிய வர வாந்தி எடுத்தீங்களே. அண்டைக்காவது வாயத் துறந்து சொல்லியிருக்கலாமே.”

“என்னெண்டு சொல்ற? கள்ளப் பொண்டாட்டி வைச்சிரிக்கான் எண்டா சனம் சிரிச்சுப்போட்டு மீன் வாங்கும். தலைக்கு மருந்தெடுக்கான் எண்டா ஆர் என்னோட தோணியில ஏறுவான்? மாசி மாசம் ஒரு நாள் வலைய எறிஞ்சுபோட்டு இழுக்க ஏலாம நிண்டன் புள்ள. கை விறைச்சுப் போய்ட்டு. வலையோட நானும் போயிருவமா எண்டு நினைச்சன். அண்டைக்குத்தான் பயந்து இஞ்ச வந்த. நம்மட பக்கத்துல ஆரும் கண்டிருவாங்க எண்டுதான் ஆறு கடந்த.”

“எனக்கிட்ட அழுதிருக்கலாமே.”

“நீ அழல்லயே.”

பாதை வந்தது. ஏறினார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். கொஞ்சத் தூரம் போனதும் திவாகரன் தொண்டையைச் செருமினான்.

“உள்ளுக்குப் போனயா?”

“போன.”

“எவ்வளவு நேரம் இருந்த?”

“ஒரு மணித்தியாலம் இருக்கும்.”

“எனக்கு அரை மணித்தியாலத்துக்கு மேல தாறல்ல.” அவன் முகம் கறுத்தது. “என்ன சொன்னாய்?”

“அது சொல்ல ஏலா. இஞ்ச சொன்னது இஞ்சதானாம்.”

அவன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். நாலு மாதமாகத் தான் தின்ற நெருப்பு அவன் நெஞ்சில் ஏறுவதை யசோதினி கண்ணால் கண்டாள். அவளுக்குக் கொஞ்சம் சந்தோசமாகவும் இருந்தது, அதை மறைப்பானேன்? ஆனால் பாதை நடு ஆற்றுக்கு வந்தபோது அவளால் வைத்திருக்க முடியவில்லை.

“நான்தான் அவள அனுப்பின. தானா வந்தவளில்ல. நான்தான் டப்பாவக் குடுத்துக் கடலுக்கு அனுப்பின.”

“தெரியும்.”

“என்னெண்டு தெரியும்?”

“வந்ததும் சொன்னவள். ‘அம்மா நேர போகச் சொன்ன, நான் நிக்கவேயில்ல அப்பா’ எண்டு.” அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “புட்டத் தந்துபோட்டுத் திரும்பி ஓடப் பாத்தவள். நான்தான் கையப் பிடிச்சு நிப்பாட்டின. இரு சனுஜா, வலை வரட்டும், கறிக்கு மீன் தாறன், அம்மாட்டக் கொண்டு போ எண்டு சொன்னன்.”

அந்தப் பெயர் ஐந்து வருடத்துக்குப் பிறகு அவர்களுக்கு நடுவில் வந்து நின்றது. யசோதினி அவன் வெள்ளைச் சட்டையின் கையைப் பிடித்தாள். மோட்டார் சைக்கிள்காரர்கள் பார்க்கப் பார்க்க இரண்டு பேரும் அழுதார்கள். பாதை கரை தட்டியதும் அவன் முகம் கழுவிக்கொண்டான்.

வீட்டு வாசல் படலையில் இலட்சுமிப்பிள்ளை காவல் நின்றாள். பக்கத்து வளவுப் பெண்கள் இரண்டு பேர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். யசோதினி பின்தொடர்ந்து போன கதை அவள் திரும்பி வருவதற்குள் ஊர் சுற்றி வந்துவிட்டது. திவாகரன் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனான்.

“என்னகா, அவளப் பிடிச்சயா?”

“பிடிச்ச.”

“ஆர் ஆள்? என்ன மாதிரி? செருப்பால குடுத்தயா?”

யசோதினி வீட்டுப் பக்கம் பார்த்தாள். உள்ளே அவன் சட்டையைக் கழற்றாமல் அப்படியே நின்றான், காது முழுக்க இங்கே. உண்மையைச் சொன்னால் தன் மானம் திரும்பி வரும், அவன் மானம் போகும். சொல்லாவிட்டால் இந்தப் பெண்கள் அவளைப் பார்த்து இன்னும் ஒரு வருடம் சிரிப்பார்கள். சொல்லிவிட்டால் நாலு மாதமாக அவள் பட்ட அவமானத்துக்கு அது பெரிய கூலிதான்.

“எனக்குத்தான் சுகமில்ல மச்சாள்,” என்றாள் வேலிக்கும் கேட்கிற குரலில். “மனசு சரியில்ல. புள்ள போனதில இருந்து. அதுக்கு அக்கரையில கிளினிக் வைக்காங்க. எனக்காகத்தான் அவர் நாலு மாசமா போய் விசாரிச்சு நம்பர் எடுத்தவரு. நான்தான் வரமாட்டன் எண்டு அடம்பிடிச்ச. இண்டைக்குத்தான் போன.”

வேலிக்கு மேலால் தெரிந்த தலைகள் மெல்ல இறங்கின. பைத்தியக்காரி என்று நாளைக்குக் கிணற்றடியில் கதைப்பார்கள். கதைக்கட்டும்.

யசோதினி குந்தி நண்டுச் சட்டியைத் திறந்தாள். காலையில் விட்ட வேலை அப்படியே கிடந்தது. இலட்சுமிப்பிள்ளையும் வந்து குந்தினாள். ஒரு நண்டை எடுத்தாள், உடைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தாள். அவளுடைய வளவில் சுவரோடு சாய்த்து வைத்திருந்த சைக்கிள் இங்கிருந்தே தெரிந்தது.

“அங்க என்னகா செய்யிற?” என்று கேட்டாள், யாருக்கும் கேட்காத குரலில்.

“ஒண்டுமில்ல. கதைக்கிற.”

“கதைச்சா?”

“அழுக வருது.”

இலட்சுமிப்பிள்ளை சைக்கிளையே பார்த்தாள். பிறகு நண்டின் காலை ஒவ்வொன்றாக முறித்துக்கொண்டே கேட்டாள்.

“எத்தின மணிக்குக் காலையில பஸ்?”

யசோதினிக்கு நெஞ்சுக்குள் மறுபடியும் அந்தப் பழைய எரிவு எட்டிப் பார்த்தது. ஒன்பது மணி தொடக்கம் ஒரு மணி வரைதான். வாங்கு நிறையச் சனம். இவளும் வந்து குந்தினால் நேரம் இன்னும் குறையும்.

“ஏழு மணிக்கு,” என்றாள். “வாங்க. ஆனா முதல் நம்பர் எனக்கு.”